கொழும்புக்குப் போகும் பெட்டி

அந்த அம்மாவைப் பதினான்கு ஆண்டுகள் நான் குரலாக மட்டுமே அறிந்திருந்தேன். கொழும்பில் மொத்தக் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். நாங்கள் மீமிசலுக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில் மீனைக் காயவைத்து, தூத்துக்குடி வழியாக அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். 'நாங்கள்' என்பது பழக்கத்தில் வாயில் வருவது. கொட்டகை முதலாளியுடையது. காயவைத்துப் பொறுக்கிக் கட்டுகிறவர்கள் சுற்று ஊர்ப் பெண்கள் நாற்பது பேர். நான் அறந்தாங்கியில் பி.காம் முடித்துவிட்டு அங்கே பேப்பர் வேலைக்குச் சேர்ந்தவள். இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.

பேப்பர் வேலை என்றால், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஒரு பொருள் போவதற்கு வேண்டிய தாள்களைத் தயாரிப்பது. எத்தனை மூட்டை, என்ன மீன், எவ்வளவு எடை, எந்த நாட்டில் விளைந்தது, புழு இல்லாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. கண்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். பெட்டி கொட்டகை வாசலுக்கு வந்து நிற்கும். மூட்டைகளை ஏற்றிக் கதவைச் சாத்தி சீல் வைத்தபிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்வது நான் அடித்த தாள் மட்டும்தான்.

அந்த அம்மாவோடு முதல் பேச்சே ஒரு தவறைப் பற்றியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தாளில் எடையை ஒன்றாகவும் மற்றொரு தாளில் வேறாகவும் அடித்துவிட்டேன். கொழும்புத் துறைமுகத்தில் பெட்டி நான்கு நாள் நின்றது. அவர் போன் செய்து முதலாளியைக் கேட்காமல் என்னைக் கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். அவர் திட்டவில்லை. இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசிக்கச் சொன்னார். கடைசியில், "பிழை எது எண்டு இப்ப உங்களுக்கே விளங்குது. திருத்தி அனுப்புங்கோ பிள்ளை" என்று வைத்துவிட்டார். அந்த யாழ்ப்பாணப் பேச்சு எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. மாதம் இரண்டு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஐந்தாறு போன் என்று வருடங்கள் போகப்போக, எங்கள் வீட்டுப் பேச்சைப் போலவே அதுவும் காதில் ஏறிவிட்டது.

அவருக்குக் கணவர் இல்லை. கணவர் இறந்த வருடத்தில் கடைக்குள் வந்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று ஒருமுறை சொன்னார். ஒரே மகன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் வராது. கடையில் போனை எடுப்பது பெரும்பாலும் அவன்தான். என்னை அக்கா என்பான். அவனைப் போல வேகமாகப் பேசுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. நாங்கள் நெத்திலி என்பதை அவர்கள் நெத்தலி என்பார்கள். அதை வைத்தே பத்து நிமிடம் என்னைக் கேலி செய்வான். பக்கத்தில் இருந்து அவன் அம்மா, "போனை இஞ்ச தா" என்று அதட்டுவது கேட்கும்.

என் தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். கோட்டைப்பட்டினத்திலிருந்து போவான். எங்கள் பக்கத்துக் கடலில் மீன் குறைந்துபோய் வெகுநாள் ஆகிறது. இழுவை வலை போட்டுப் போட்டு அடி மண்ணைச் சுரண்டிவிட்டோம் என்று படகுக்காரர்களே சொல்வார்கள். அதனால் படகுகள் எல்லையைத் தாண்டும். தாண்டிய ஒரு நாளில் தம்பி போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. ஐந்து பேர். யாழ்ப்பாணத்துச் சிறையில் வைத்திருப்பதாக மீனவர் சங்கத்தில் சொன்னார்கள். தம்பி பெண்டாட்டி கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிடமாட்டாள், பேசமாட்டாள், என் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் அந்த அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவர் எனக்குக் கொழும்பு. சிறை இருந்தது யாழ்ப்பாணத்தில். இரண்டும் ஒரே நாடு என்பது கூட அந்தக் கலக்கத்தில் மனதில் படவில்லை. ஒரு பெட்டி விஷயமாக அவர் கூப்பிட்டபோது குரலை வைத்தே என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர், தம்பியின் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அவருடைய தங்கை, சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டார். கட்டிக்கொள்ள இரண்டு சாரம், சோப்பு, புட்டும் மீன்குழம்பும் கொடுத்திருக்கிறார். "எங்க அக்கா அங்கிட்டு நல்லா இருக்காங்களா" என்று தம்பி கேட்டதைக்கூட அப்படியே அந்தத் தங்கை சொல்லி அனுப்பியிருந்தார். அங்கிட்டு என்ற எங்கள் ஊர்ச் சொல்லைக் கேட்டதும்தான் அவன் உயிரோடு இருப்பதைத் தம்பி பெண்டாட்டி நம்பினாள். அன்றைக்குத்தான் சோறு தின்றாள்.

அதன்பிறகு அவன் விடுதலையாகி வரும்வரை, வாரம் ஒருமுறை அந்தத் தங்கை போய்வந்தார். நன்றி சொல்வதற்காக நான் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் பதிலுக்குச் சொன்னது நினைவிருக்கிறது.

"உங்கட தம்பியில எனக்குக் கோவமில்லைப் பிள்ளை. ஆனா அவர் பிடிக்கிற மீன் எங்கட கடல் மீன். அதை நீங்கள் காயவைச்சு எனக்கு அனுப்புறியள். நான் காசு குடுத்து வாங்குறன். எங்கட ஆக்கள் கரையில சும்மா இருக்கினம். இதையும் நீங்கள் ஒருக்கா யோசிக்கவேணும்."

அவர் குரலில் சூடு இல்லை. அதனால்தான் அது உள்ளே இறங்கியது. அன்று மத்தியானம் அடுத்த பெட்டிக்கான தாள்களை அடிக்க உட்கார்ந்தேன். விளைந்த நாடு என்ற கட்டத்தில் வழக்கம்போல இந்தியா என்று அடித்தேன். வேறு என்ன அடிக்க முடியும். படகு எங்கள் படகு, கரை எங்கள் கரை, உப்புப் போட்ட கை எங்கள் கை. சட்டப்படி அது சரி. ஆனாலும் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

கொரோனா ஓய்ந்து, ஊர் மறுபடி நடமாடத் தொடங்கிய சமயத்தில் அந்தத் தீவில் டாலர் தீர்ந்துபோனது. முதலில் அதன் அர்த்தம் எங்களுக்குப் புரியவில்லை. காசு தீருவது தெரியும். ஒரு நாட்டுக்கே வெளிநாட்டுக் காசு தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பது தெரியாது. டிவியில் பெட்ரோலுக்கு நிற்கிற வரிசையைக் காட்டினார்கள். பிறகு கேஸுக்கு, பிறகு பால் பவுடருக்கு. அந்த அம்மா போனில் எதையும் பெரிதாகச் சொல்லமாட்டார். கரண்ட் இல்லை, இரண்டு மணிக்குள் பேசிமுடிக்க வேண்டும் என்பார். ஒருநாள், கடையில் தாளும் இல்லை, பழைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறோம் என்றார்.

அந்த மாதத்தில் புதுக்கோட்டையில் ஏற்றுமதி செய்கிறவர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. முதலாளி தனக்குப் பதிலாக என்னைப் போகச் சொன்னார். மேடையில் ஒரு அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். திரையில் ஒரு வட்டப் படம் போட்டு, நம் நாட்டுச் சரக்கு எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்று காட்டினார். பெரிய பெரிய துண்டுகளாக வண்ணம் பூசியிருந்தது. இலங்கை எங்கே என்று தேடினேன். ஒரு ஓரத்தில் பென்சில் கோடு மாதிரி ஒரு நிறம் தெரிந்தது. அதுவா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கயிறு வியாபாரி ஒருவர் இலங்கை நிலைமையைப் பற்றிக் கேட்டதற்கு, மொத்த வர்த்தகத்தில் அதனால் பெரிய பாதிப்பு இருக்காது என்று அதிகாரி சொன்னார். அவர் சொன்னது நாட்டுக்குப் பொருந்தும். எங்கள் கொட்டகையில் வட்டப் படம் போட்டால் முழு வட்டமும் அந்த ஒரு நாடுதான். திரும்பும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் பெரிய நாட்டில் இருக்கிற சின்ன ஆட்கள். பெரிய நாடு தாங்கிக்கொள்ளும் என்பதால் நாங்களும் தாங்கிக்கொள்வோம் என்று ஆகிவிடாது.

கூட்டம் முடிந்த மறுவாரம், ஒரு திங்கட்கிழமை காலை, அந்த அம்மா கூப்பிட்டார். பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.  அவர் அப்படி இருந்ததே இல்லை. பிறகு சொன்னார். மகனுடைய வலிப்பு மாத்திரை கொழும்பில் எங்கேயும் கிடைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலும் இல்லை. கையில் பத்து நாளைக்கு இருக்கிறது. அதை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் இருபது நாளைக்கு வரும். ஆனால் அப்படிக் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்கிறார்.

"வியாழக்கிழமை நீங்கள் பெட்டி ஏத்துறியள்தானே. ஒரு நெத்தலி மூட்டைக்குள்ள வைச்சுவிடுங்கோ பிள்ளை. எந்த மூட்டை எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ."

சரிங்கம்மா என்றேன். யோசிக்கவே இல்லை. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அன்று மத்தியானமே அறந்தாங்கிக்குப் போனேன். முதல் கடையில் வெளிநாட்டுச் சீட்டுக்குத் தரமாட்டோம் என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்தார். மறுநாள் புதுக்கோட்டைக்குப் போய் இன்னொரு கடையில் இரண்டு மாதத்துக்கு வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஒரு சின்ன டிபன்பாக்ஸுக்குள் அடங்கிவிடும். இருபது டன் கருவாட்டுக்கு நடுவே அது இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது.

புதன்கிழமை சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். சொல்லாமலே வைத்திருக்கலாம். எந்த மூட்டை எங்கே போகிறது என்று கணக்கு வைப்பவளே நான்தான். ஆனால் பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தெரியாமல் நான் ஒரு தாளும் அனுப்பியதில்லை. அதனால் சொன்னேன். அவர் சரி என்பார் என்றுதான் நினைத்தேன். தம்பி சிறையிலிருந்தபோது அந்த அம்மா செய்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் நாற்காலியை இழுத்து என் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "அந்தத் தாள்ல யாரும்மா கையெழுத்துப் போடுறது" என்று கேட்டார். நான்தான் என்றேன். "கருவாடு தவிர வேற ஒண்ணும் இல்லைன்னுதான அதுல போட்டிருக்கு?" ஆமாம் என்றேன். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். இந்த நேரத்தில் அங்கே ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்க்கிறார்கள். மருந்து அகப்பட்டால் கடத்தல் என்றுதான் எழுதுவார்கள். யாருக்காக, எதற்காக என்று எழுதமாட்டார்கள். அந்த அம்மாவின் இறக்குமதி உரிமமும் போகும், நம்முடையதும் போகும். சொல்லிவிட்டு வெளியே கையைக் காட்டினார். காயவைத்த மீனை அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அன்றைய வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அவுக நாப்பது பேரையும் கேட்டுட்டு வைம்மா. அவுக சரின்னா எனக்கும் சரிதான்."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் வைக்கச் சொல்லியிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமை பெட்டி ஏறியது. டிபன்பாக்ஸ் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஏற்றிய மூட்டைகளை எண்ணி, தாளில் கையெழுத்துப் போட்டேன். கருவாடு தவிர வேறு ஒன்றும் இல்லை. சீல் வைக்கிற சத்தம் கேட்டபோது எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து, பெட்டியில் வைக்க முடியவில்லை, வேறு வழியில் அனுப்புகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "ஓம் பிள்ளை, விளங்குது" என்றார்.

வேறு வழி என்று சொல்லிவிட்டேனே தவிர, என்ன வழி என்று எனக்குத் தெரியாது. கூரியர்காரர்கள் மருந்தை எடுக்கமாட்டோம் என்றார்கள். மணமேல்குடியில் தெரிந்த ஒருவரின் மச்சான் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவரைப் பிடித்தேன். ஒரு வாரம் காத்திருந்த பிறகு, அங்கே கலவரம் என்று பயந்து அவர் பயணத்தை விட்டுவிட்டார். இதற்கிடையே தூத்துக்குடியிலிருந்து செய்தி வந்தது. எங்கள் பெட்டி கொழும்பில் இறங்கிவிட்டது. ஆனால் பணம் கட்டுவதற்கு அங்குள்ள வங்கியில் டாலர் இல்லை. துறைமுகத்திலிருந்து வெளியே விடமாட்டார்கள். எங்களுடையதைப் போல நூற்றுக்கணக்கில் பெட்டிகள் அங்கே நிற்கின்றன.

அந்த அம்மா கேட்ட திங்கட்கிழமையிலிருந்து பதினைந்தாம் நாள், லீவு போட்டுவிட்டு நானே திருச்சிக்குப் புறப்பட்டேன். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற பஸ் ஏர்போர்ட் வாசலில்தான் நிற்கும். ஆயிரம் தடவை அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. மத்தியானம் கொழும்பு விமானம் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். உள்ளே போகிற கதவுக்கு முன்னால், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். கொழும்புக்குங்களா, ஒரு உதவி செய்வீங்களா என்று ஆரம்பிப்பேன். டிபன்பாக்ஸைப் பார்த்ததும் விலகிப்போவார்கள். தப்புச் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஒருத்தி கொடுக்கிற மாத்திரையை யார் எடுத்துப் போவார்கள். ஒரு குடும்பம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தது. ஒருவர், எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேண்டாம் என்று போய்விட்டார். காவலுக்கு நின்றவர் இரண்டுமுறை என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

கடைசியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக வந்தார். என் அம்மா வயது என்று சொல்லமுடியாது, ஆனால் களைப்பு அப்படித் தெரிந்தது. நான் சொல்வதை முழுதாக நின்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டச் சொன்னார். அட்டை அட்டையாக எடுத்து, சீட்டில் இருக்கிற பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து காட்டினார். அதற்குள்ளும் மாத்திரைகள்தான்.

"நான் கண்டிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு இருதய மருந்து வாங்கத்தான் வந்தேன். டப்பாவை ஒட்டாதீங்க. தொறந்தபடியே குடுங்க, கேட்டா காட்டுறேன்" என்றார்.

என் போன் நம்பரையும் அந்த அம்மாவின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். கொழும்பில் இறங்கினாலும், வண்டிக்குப் பெட்ரோல் இல்லாததால் கடைவரைக்கும் போக முடியாது, அவர்களை ரயில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள் என்றார். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. அவர் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று தெரியாது.

மறுநாள் அந்த அம்மா கூப்பிட்டார். மாத்திரை கைக்கு வந்துவிட்டது என்றார். நல்லபடியாக இருங்கள் என்றார். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "இருக்கிறார் பிள்ளை" என்றார். நான் நிம்மதியாகப் போனை வைத்தேன்.

பெட்டி ஆறு வாரம் துறைமுக வெயிலில் கிடந்தது. திரும்ப வரவழைக்கலாம், அல்லது அங்கேயே வேறு ஆளுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று தூத்துக்குடி ஏஜென்ட் சொன்னார். முதலாளி இரண்டையும் செய்யவில்லை. சரக்கைத் திரும்ப எடுத்தால் அந்த அம்மா கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றார். காத்திருந்தார். காத்திருக்கிற அளவுக்கு அவரிடம் வசதி இருந்ததா என்றால் இல்லை. கொட்டகையில் காய்ந்து கிடந்த மீனை, மனிதர்கள் தின்ன வேண்டிய நல்ல நெத்திலியை, நாமக்கல்லுக்குக் கோழித் தீவனத்துக்கு விற்றார்.  அதற்குப்பின் இரண்டு மாதம் கொட்டகை சாத்தியிருந்தது. சிலர் இறால் பண்ணைக்குப் போனார்கள், சிலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். பொறுக்குவதில் கெட்டிக்காரியான ஒருத்தி திருப்பூருக்குப் போனாள். அவள் பிறகு வரவே இல்லை.

ஒருவழியாகப் பெட்டி வெளியே வந்த மறுநாள், சரக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கடைக்குக் கூப்பிட்டேன். போன் எடுக்கப்பட்டது. ஆனால் சத்தம் இல்லை. லைன் சரியில்லை என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், ஒவ்வோர் எழுத்தாகத் தூக்கி வைப்பது போல, "அக்...கா" என்றது. அது அவன்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான். நான் காத்திருந்தேன். அது வரவில்லை. அந்த அம்மா வந்து போனை வாங்கினார்.

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துவந்த பத்தாம் நாள், கடைக்குள்ளேயே வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். தராசின் இரும்புத் தட்டில் தலை மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோக்காரரிடம் பெட்ரோல் இல்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் ஏர்போர்ட்டில் நின்றது அதற்கு ஐந்து நாள் கழித்து.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொல்லி என்ன பிள்ளை. நீங்களும் அங்க இருந்து அழுவியள்" என்றார். பிறகு சரக்கைப் பற்றிச் சொன்னார். பாதி மூட்டை வியர்த்துப் பூசணம் பிடித்துவிட்டது, மீதியை வெயிலில் போட்டுத் தேற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

அதற்குப் பிறகு நான் பல நாள் நாட்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை பெட்டியில் வைத்திருந்தால் சனிக்கிழமை கொழும்பு. அவன் விழுந்தது அதற்கு அடுத்த வாரம். ஆனால் பெட்டிதான் ஆறு வாரம் வெளியே வரவில்லையே. வைத்திருந்தாலும் மாத்திரை நெத்திலி மூட்டைக்குள்ளேயே கிடந்திருக்கும். கணக்கு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் முடியும். முடிந்தும் மனம் ஆறாது. ஏனென்றால் சீல் வைத்தபோது பெட்டி நிற்கப்போகிறது என்று எனக்குத் தெரியாது. நேரே போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் அதை வைக்காமல் இருந்தேன்.

போன வருடம் அவர்கள் வந்தார்கள். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் மகனுக்குப் பேச்சுப் பயிற்சிக்காக ஒரு மாதம் தங்கியிருந்தார்கள். ஒரு நாள் வாடகைக் காரில் மீமிசலுக்கு வந்துவிட்டார்கள். காரிலிருந்து இறங்கிய அம்மா குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். அந்தக் குரலுக்கு நான் மனதில் கொடுத்திருந்த உருவம் வேறு. மகன் உயரம். சிரித்தான். சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றான். பேச முயற்சி செய்யவில்லை.

முதலாளி அவர்களுக்குக் கொட்டகையைச் சுற்றிக் காட்டினார். அந்த அம்மா பெண்களின் அருகே குனிந்து, அவர்கள் கல்லையும் தூசியையும் பொறுக்கித் தள்ளுவதை வெகுநேரம் பார்த்தார். ஒருத்தியின் கையைத் திருப்பி, உப்பில் வெடித்த விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெண் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. தம்பி வந்திருந்தான். சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவர் எதிரில் உட்காராமல் நின்றான். சிறைக்குக் கொடுத்தனுப்பிய சோற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன், அவர் முன்னால் வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார்.

"தம்பி, இனி அங்கால வராதேங்கோ. எங்கட ஆக்களின்ர வலை கிழியுது. அவையளும் கடன்பட்டுத்தான் வலை வாங்கினம்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "வேற தொழில் தெரியாதுங்கம்மா" என்றான்.  இனி வரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் இருந்தானே என்று எனக்குப் பட்டது. அவன் இன்றும் அதே வேலைக்குத்தான் போகிறான். படகு எவ்வளவு தூரம் போகிறது என்று நான் கேட்பதில்லை.

சாப்பிட்டபிறகு மகன் படுத்துத் தூங்கினான். நானும் அந்த அம்மாவும் சமையல்கட்டில் இருந்தோம். அப்போதுதான் சொன்னேன். பெட்டியில் வைக்க முடியவில்லை என்று சொன்னேனே, முடியாமல் இல்லை, வைத்திருக்க முடியும், முதலாளி சொன்னதைக் கேட்டு வைக்காமல் விட்டேன் என்றேன். வைத்திருந்தாலும் பயன் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும், அப்போது தெரியாது என்றும் சொன்னேன்.

அவர், கழுவி வைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அந்த மாசம் உங்களில எனக்குக் கோவம் இருந்தது பிள்ளை. இல்லையெண்டு சொன்னால் பொய்" என்றார். "வைக்கேலாது எண்டு நீங்கள் சொன்ன நாளில இருந்து, போன் எடுக்க மனமில்லாமல்தான் எடுத்தனான். பிறகு பெட்டி நிண்டது. இவன் விழுந்தான். ஆரில கோவப்படுறது எண்டு தெரியாமல் போச்சுது." கடைசித் தட்டை வைத்துவிட்டு, "இண்டைக்கு அந்தப் பொம்பிளையளைப் பாத்தன். நான் கேட்டது சின்ன விசயமில்லை" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் காயப்போட்டிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் இறங்குவதற்குள் கார்க்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

இப்போது மாதம் ஒரு பெட்டிதான் போகிறது. அந்த நாட்டில் வரி கூடிவிட்டது. கொஞ்சம் சரக்கை வேறு நாடுகளிலிருந்தும் வாங்குகிறார்கள். கொட்டகையில் இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள். கடையை அந்த அம்மா தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் நல்ல பையன், எல்லாம் ஈமெயில்தான், போன் செய்யமாட்டார். தாள்களில் பிழை வருவதும் குறைந்துவிட்டது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கூப்பிடுகிறார். கருவாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தபடி தினமும் அரைமணி நேரம் மகனைச் சத்தம்போட்டு வாசிக்க வைக்கிறார் என்றும், பழைய தினசரிப் பேப்பரில் ஒரு பக்கத்தை முடிக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகிறது என்றும் சொல்கிறார்.